சாவுச் செய்தியும் தொடர்புச் சாதனங்களும்: உடுப்பிட்டியை முன்வைத்து ஒரு சமூக வரலாற்று நோக்கு

தொடர்புச் சாதனங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கருவிகளின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். அச்சியந்திரம் வந்தது, தந்தி வந்தது, வானொலி வந்தது, கணினி வந்தது என அவ்வரலாறு நகரும். கருவிகள் தாமாகவே ஒரு சமூகத்துள் நடந்து வந்து அதனைத் திருத்தியமைப்பன போன்ற தோற்றம் இதனால் உண்டாகின்றது. ஒரு கருவி எவர் கையில் இருந்தது, எவருடைய உழைப்பை அது நீக்கிற்று, அதனைப் பயன்படுத்த எவருக்கு உரிமையும் காசும் இருந்தன என்னும் வினாக்கள் இத்தகைய எழுத்துக்களில் அருகியே காணப்படுகின்றன. இவ்வினாக்களை ஓர் ஊரையும் ஒரேயொரு செய்தியையும் கொண்டு எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஊர், வடமராட்சியிலுள்ள உடுப்பிட்டி. செய்தி, சாவுச் செய்தி.

சாவுச் செய்தியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. திருமணத்துக்கு நாள் குறித்து ஆறுதலாக அழைக்கலாம். சாவு அவ்வாறன்று. ஒரு நாளுக்குள், அதிகம் போனால் இரண்டு நாளுக்குள், உற்றார் அனைவருக்கும் அது போய்ச் சேர வேண்டும். செல்வர் வீடாயினும் கூலியாள் குடிசையாயினும் இத்தேவை ஒன்றே. ஆதலால், ஒரு சமூகத்தின் செய்தித் தொடர்பு எவ்வாறு அமைந்துள்ளது என்பதை அறிய இதனிலும் சிறந்த உரைகல் வேறில்லை எனலாம்.

உடுப்பிட்டி, வடக்கே வல்வெட்டித்துறைக் கரைக்கும் தென்கிழக்கே நெல்லியடிச் சந்தைக்கும் இடைப்பட்ட ஊர். கிணற்று நீரை நம்பிய தோட்டச் செய்கை அதன் அடித்தளம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த சிவசம்புப் புலவரால் தமிழ்ப் புலமையுலகில் அவ்வூர்ப் பெயர் நிலைபெற்றது. அதே நூற்றாண்டில் அமெரிக்க மிஷனரிமார் அங்கு ஒரு நிலையத்தை அமைத்துப் பள்ளிகளையும் தொடங்கினர். ஆங்கிலக் கல்வி இலிகிதர்களை உருவாக்கிற்று. இலிகிதர்கள் கொழும்புக்கும், குடியேற்ற ஆட்சிக்கு ஆங்கிலமறிந்த சிப்பந்திகள் தேவைப்பட்ட மலாயாவுக்கும் போயினர். மணியோடர் பொருளாதாரம் என்று பின்னர் பெயர்பெற்ற வாழ்க்கை முறையில் யாழ்ப்பாணத்தின் மற்றைய ஊர்களைப் போலவே உடுப்பிட்டியும் ஈடுபட்டது. ஊரை விட்டுப் போனோர் தொகை கூடக் கூட, ஊருக்கும் அவர்களுக்கும் இடையே செய்தி நகர வேண்டிய தேவையும் கூடிற்று. இத்தேவை இணையத்தோடு பிறந்ததாகக் கருதுவோர் இந்த நூற்றைம்பது ஆண்டுக் கதையை மறந்துவிடுகின்றனர்.

அதற்கு முந்திய நிலையை முதலில் நோக்க வேண்டும். யாழ்ப்பாணக் கிராமத்தில் சாவுச் செய்தி ஆளின் மூலமும் பறையின் மூலமும் பரவிற்று. இவ்விரண்டும் குடிமைமுறையின் பாற்பட்டவை. சவரம் செய்வோர், துணி வெளுப்போர், பறை முழக்குவோர் எனக் குடிமக்கள் என்ற பெயரால் வகுக்கப்பட்டோருக்கு இழவு வீட்டில் இன்ன கடமை என்று விதிக்கப்பட்டிருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட தேசவழமையில் அடிமைகள் பற்றிய விதிகளும் இடம்பெற்றன. அடிமைமுறை 1844 ஆம் ஆண்டு சட்டத்தால் ஒழிந்தது. குடிமை உறவோ நிலவுடைமையோடு பின்னிப் பிணைந்து இருபதாம் நூற்றாண்டிலும் நெடுந்தூரம் வந்தது. இவ்வுறவுகளைப் பின்னாளில் நாவலின் பொருளாக்கியவர் கே. டானியல்; அவரது 'பஞ்சமர்' 1972 ஆம் ஆண்டு வெளிவந்தது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பறை ஒரு தொடர்புச் சாதனம். அதனை இயக்கிய உழைப்பு, சாதியால் கட்டுண்ட உழைப்பு. மேல்சாதியினன் இறந்த செய்தியை ஊருக்கு அறிவித்தவனுடைய சொந்த வீட்டில் சாவு நேர்ந்தபோது, அதனை முழக்கிச் சொல்லும் உரிமை அவனுக்கு இருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட மக்கள் தம் இறந்தோருக்கு மேளம் பிடிப்பதும் தகனம் செய்வதும் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தன. சாதனம் ஒருவர் கையில் இருக்க, அதன் உரிமை வேறொருவரிடம் இருந்தது. 'சாப்பறை அடியோம்' என்று மறுத்தமை தீண்டாமை எதிர்ப்பின் ஒரு கூறாக ஏன் அமைந்தது என்பது இதனால் விளங்கும். பறையைக் கலையாக மட்டுமே கண்டு மகிழும் இற்றைநாள் ஆர்வலர்கள் இம்மறுப்பையும் சேர்த்துக் கேட்பது நன்று.

அச்சும் தந்தியும் இவ்வுறவினுள் காசைக் கொண்டுவந்தன. அமெரிக்க மிஷன் 'உதயதாரகை'யை 1841 இல் தொடங்கியது. ஆறுமுக நாவலர் 1849 இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். நூற்றாண்டு முடிவதற்குள் அச்சுத்தொழில் யாழ்ப்பாணத்தில் வேரூன்றிவிட்டது. வடமராட்சிக்கும் அச்சகங்கள் வந்தன. பருத்தித்துறைக் கலாநிதி யந்திரசாலை அவற்றுள் பெயர்பெற்றது. நமது இலக்கிய வரலாறுகள் இவ்வச்சகங்களில் வெளியான நூல்களையே பேசும். ஆனால் சிற்றச்சகம் ஒன்றின் அன்றாட வருவாய், பஞ்சாங்கம், திருமண அழைப்பு, திருவிழா நோட்டீஸ், அந்தியேட்டிக்கு வழங்கும் 'கல்வெட்டு' ஆகியவற்றிலேயே பெரிதும் தங்கியிருந்தது. கல்வெட்டு என்பது யாழ்ப்பாணத்தார்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. முப்பத்தோராம் நாளில் இறந்தவரின் வரலாறு, வமிசம், புலம்பற் பாக்கள், தேவாரம் என்பன அடங்கிய சிறு நூலொன்றை அச்சிட்டு வழங்குவர். புலவர்கள் பாடிய சரமகவி மரபு அச்சேறிப் பொதுவழக்காகிய வடிவம் இது. செல்வர் வீட்டுக்கு மட்டும் உரியதாயிருந்த இரங்கற் பா, அச்சுக்கூலி கொடுக்க இயன்ற எவருக்கும் உரியதாயிற்று. அச்சு முதலாளித்துவம் செய்த சனநாயகம் இவ்வளவே: சாதியின் வாயிலைக் காசின் வாயிலாக மாற்றியது. அது சிறிய மாற்றமென்று நான் சொல்ல மாட்டேன்.

தந்தி வேறு வகையில் வேலை செய்தது. சொல்லுக்கு இவ்வளவு எனக் கட்டணம் ஆதலால் செய்தி சுருங்கிற்று. நெடுங்காலம் அது ஆங்கிலத்திலேயே வந்தது. கொழும்பிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ தந்தி வந்தால், அதனைப் படித்துச் சொல்ல ஆங்கிலம் தெரிந்த ஒருவரைத் தேடிப் போக வேண்டும். தபாற் கந்தோர்ச் சேவகன் சயிக்கிளில் வந்து படலையில் நின்றாலே வீட்டுப் பெண்கள் குழறத் தொடங்கிவிடுவர் என்பது அக்காலத்தோர் பலரும் சொல்லும் செய்தி. தந்தியென்றால் சாவு என்றே பொருளாகிவிட்டது. உத்தியோகம் கிடைத்த நற்செய்தியோடு வந்த தந்திக்கும் அழுதவர்கள் உண்டு.

வானொலியோடு நிலைமை பெரிதும் மாறிற்று. கொழும்பில் 1925 ஆம் ஆண்டு தொடங்கிய ஒலிபரப்பு, இரண்டாம் உலகப் போரின் பின்னர்க் கிராமங்களுள் நுழைந்தது. திரான்சிஸ்டர் வந்தபின் அது ஏழை வீட்டுக்கும் எட்டியது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் மரண அறிவித்தல் என்றொரு நிகழ்ச்சி இருந்தது. நாடகமும் பாடலும் கேளாத முதியவர்களும் மரண அறிவித்தலுக்கு வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தனர். இறந்தவர் அறிமுகமற்றவராயினும், அவருடைய பிறந்த ஊரும் கொண்ட ஊரும் பிள்ளைகளின் ஊர்களும் ஒவ்வொன்றாக வரும்போது, எங்கோ ஓரிடத்தில் தமக்கு உறவு தட்டுப்படுமா என்று செவிமடுத்தனர். ஒரு மக்கட் கூட்டம் முழுவதும் ஒரே வேளையில் ஒரே குரலைக் கேட்டுத் தன் உறவை எண்ணிப் பார்த்த அந்நிகழ்ச்சி, தேசியம் பற்றிய ஆய்வுகளில் பெற வேண்டிய இடத்தை இன்னும் பெறவில்லை.

வானொலியைக் கேட்ட இடமும் முக்கியமானது. சொந்தப் பெட்டி இல்லாதவர்க்கு வாசிகசாலையும் தேநீர்க்கடையும் இருந்தன. பத்திரிகையும் அங்கேதான். ஆனால் அவ்விடங்களுக்குள் எல்லோரும் நுழைய முடிந்ததா? 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின் பின்னரும், தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்டோர்க்கு வேறு பாத்திரம், வேறு இடம் என்ற நிலை நீடித்தது. 1966 ஒக்ரோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட எழுச்சி ஊர்வலமும், அடுத்த ஆண்டு உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கமும் கோயில் வாயிலையும் தேநீர்க்கடை வாயிலையும் ஒருசேரக் குறிவைத்தன. தேநீர்க்கடைப் பிரவேசம் தேநீருக்காக மட்டும் நடந்ததெனக் கொள்வது பிழை. பத்திரிகை விரிந்து கிடந்ததும், வானொலி பாடியதும், ஊர் அரசியல் பேசப்பட்டதும் அந்த வாங்கில்தான். அது செய்திக்கான உரிமைப் போராட்டமுமாகும். வடமராட்சியில் இதற்கு முன்னோடி முயற்சிகள் கல்வித்துறையில் நிகழ்ந்தன. சூரன் அவர்கள் 1914 இல் தொடங்கிய தேவரையாளிப் பாடசாலை அவ்வகையில் முதன்மையானது. வானொலியின் ஒலியாவது கிடுகு வேலியைத் தாண்டிக் கேட்டது. பத்திரிகையை வேலிக்கு மேலால் எட்டிப் படிக்க முடியாது.

மரண அறிவித்தலின் நடையைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். இலக்கிய மாணவர்கள் இதனை ஓர் இலக்கிய வகையாகக் கருதுவதில்லை. ஆனால் ஈழத்தில் மிகப் பலரால் வாசிக்கப்படும் தமிழ் உரைநடை வடிவம் இதுவே என்று துணிந்து கூறலாம். உடுப்பிட்டியைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இன்ன நாள் இறைபதம் எய்தினார் என்று அது தொடங்கும். தொடர்ந்து, அன்னார் காலஞ்சென்ற இன்னாரின் மகன், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை, இன்னாரின் மாமனார் என உறவுமுறை விரியும். ஈமக்கிரியை நடைபெறும் நேரமும், பூதவுடல் கொண்டு செல்லப்படும் மயானத்தின் பெயரும் இறுதியில் வரும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகோள் ஒன்றோடு அது முடியும். இறந்தவர் என்ன நினைத்தார், எதற்காக வாழ்ந்தார் என்பதற்கு அங்கு இடமில்லை. மனிதன் உறவுகளின் தொகுதி என்னும் கூற்றை நமது மக்கள் தம்மையறியாமலே நடைமுறையில் எழுதி வந்துள்ளனர். ஆயின் எந்த உறவுகள்? இரத்த உறவும் கொண்டான் கொடுத்தான் உறவும் மட்டுமே. நாற்பது ஆண்டு அவரோடு தோட்டம் கொத்திய கூலியாள் இப்பட்டியலில் வருவதில்லை.

சாதிப் பெயரும் அதில் வராது. இதனைக் கொண்டு அறிவித்தல் சாதி கடந்தது என்று எண்ணிவிடலாகாது. குறிச்சியின் பெயரும் மயானத்தின் பெயரும் அறிந்தவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். யாழ்ப்பாணத்தில் மயானங்கள் சாதிவாரியாகப் பிரிந்து கிடந்தமை யாவரும் அறிந்ததே. புத்தூர் மேற்கில் கலைமதிக் கிராம மக்கள், தம் குடியிருப்பின் நடுவே அமைந்த கிந்துசிட்டி மயானத்தை அகற்றக் கோரி 2017 ஆம் ஆண்டில் போராடியதை எண்ணினால், இது பழங்கதையன்று என்பது புலப்படும்.

1981 ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளை ஒட்டிய இரவுகளில் யாழ்ப்பாணப் பொது நூலகமும் 'ஈழநாடு' பத்திரிகைக் காரியாலயமும் எரிக்கப்பட்டன. 1959 இல் தொடங்கிய 'ஈழநாடு', யாழ்ப்பாணத்தாரின் சாவுச் செய்தியை யாழ்ப்பாணத்திலேயே அச்சிட்ட பத்திரிகை. 1983 இன் பின் ஊரிலிருந்து இளைஞர் வெளியேறியது தொகையிலும் திசையிலும் முன்னைய இடப்பெயர்வுகளினின்று வேறுபட்டது. மலாயாவுக்குப் போனவர் உத்தியோகத்துக்குப் போனார். ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் சூரிச்சுக்கும் போனவர் உயிர் தப்பவும், உணவகங்களிலும் ஆலைகளிலும் உழைப்பை விற்கவும் போனார். அறிவித்தலின் முதல் வரி இதனை உடனே காட்டிற்று. பிறப்பிடம், வதிவிடம் என்ற இரட்டைக்கு நடுவே தற்காலிக வதிவிடம் என்று மூன்றாவது ஊர் நுழைந்தது. பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நாடுகள் ஏறின. ஓர் ஊரின் சிதறலை அறியப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் அட்டவணைகள் வேண்டியதில்லை. அடைப்புக்குறிகளை எண்ணினால் போதும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது, இவ்வாறு உலகெங்கும் பரந்திருந்த ஊரின் செய்தி நரம்புகள் ஏறத்தாழ ஒரே வீச்சில் அறுபட்டன. புகைவண்டி நின்றது. மின்சாரம் நின்றது. தொலைபேசி இல்லாமற் போயிற்று. அரசு விதித்த பொருளாதாரத் தடையில் மின்கலமும் அடங்கும். சிறு வானொலிப் பெட்டியை இயக்கும் பற்றரி தடைசெய்யப்பட்ட பண்டமாயிற்று. தொழில்நுட்பம் முன்னோக்கியே செல்லும் என்று நம்புவோர் அடுத்த ஐந்தாண்டு யாழ்ப்பாணத்தைப் பயில வேண்டும். சயிக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, ரைனமோவிலிருந்து வந்த மின்னில் வானொலி பேசிற்று. அயலவர் சூழ்ந்திருந்து பி.பி.சி. தமிழோசை கேட்டனர். 1941 இல் பேரரசின் போர்த் தேவைக்காகத் தொடங்கப்பட்ட அச்சேவை, அரை நூற்றாண்டின் பின் மிதிக்கும் கால்வலிமையால் உடுப்பிட்டி முற்றங்களில் ஒலித்தது. தனியுடைமையாகிவிட்ட வானொலி மீண்டும் கூட்டுக் கேள்வியாயிற்று. இது வறுமை திணித்த கூட்டு வாழ்வு. இதனை வியந்து போற்றுவதற்கில்லை. ஆனாலும், மிதித்தவன் களைத்தால் அடுத்தவன் மிதித்தான் என்பதையும் வரலாறு பதிய வேண்டும்.

'உதயன்' பத்திரிகை அப்பியாசக் கொப்பிகளுக்குரிய கோடிட்ட தாளிலும் அச்சாகி வெளிவந்தது. வெளிநாட்டிலிருந்த மகனுக்குத் தாயின் சாவைச் சொல்வதெனில், கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும், அல்லது இயக்கத்தின் அனுமதி பெற்றுக் கிளாலிக் கடனீரேரியை இரவில் படகிற் கடந்து வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போகும் ஒருவரிடம் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் செய்திகளும் ஒரு வழியாயின. ஆளின் மூலம் செய்தி சொல்லி அனுப்பும் பழைய முறை, குடிமைக் கடமை நீங்கிய புதிய வடிவில், திரும்பி வந்தது. அந்தியேட்டி முடிந்து மாதமொன்று கழிந்தபின் தாயின் மரணத்தை அறிந்து, பனி கொட்டும் நகரமொன்றில் துடக்குக் காத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய துயரத்துக்கு நமது புலம்பெயர் இலக்கியம் ஓரளவு இடம் அளித்திருக்கின்றது. செய்தி சுமந்து கடனீரேரியில் இறந்தோருக்கு அளித்த இடம் மிகக் குறைவு.

1996 இல் வடமராட்சி இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபின் தொலைபேசி மெல்லத் திரும்பியது. சந்திகளில் 'கொமியூனிக்கேசன்' கடைகள் தோன்றின. வெளிநாட்டிலிருந்து அழைப்பு வரும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, முதிய பெற்றோர் அக்கடையின் வாங்கில் காத்திருந்தனர். பலகைக் கூட்டுக்குள் நின்று பேசிய பேச்சைக் கடை முழுவதும் கேட்டது. அழுகையும் பொதுவில்தான். பேச்சோடு பணமும் நகர்ந்தது. உண்டியல் எனப்படும் முறையில், ஐரோப்பிய நகரொன்றில் ஒருவர் பெற்ற பணத்தை, தொலைபேசிச் செய்தியின் பேரில் ஊரில் மற்றொருவர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். செத்தவீட்டுச் செலவு பெரும்பாலும் இவ்வழியாலேயே வந்தது. மணியோடரின் பேரன் உண்டியல் எனலாம்.

2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் ஏ-9 பாதை திறந்தது. கைத்தொலைபேசி நிறுவனங்களும் வந்தன. 1989 இல் இலங்கையில் அறிமுகமாகிவிட்ட கைத்தொலைபேசி, யாழ்ப்பாணத்தை அடையப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. இடையில் அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பங்கு 1997 இல் யப்பானிய நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டிருந்தது; தனியார் சேவைகளிலும் அந்நிய மூலதனம் மேலோங்கியிருந்தது. உடுப்பிட்டித் தாய் மகனோடு பேசிய ஒவ்வொரு நிமிடமும் இலாபக் கணக்கொன்றில் பதிவாயிற்று. அந்த நிமிடங்கள் அவளுக்கு உயிர் போன்றவை என்பதும் உண்மை. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது அரை உண்மை.

இன்று அறிவித்தல் இணையத்தளங்களிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் சில நிமிடங்களில் உலகைச் சுற்றி வருகின்றது. ஈமக்கிரியை யூரியூப்பில் நேரலையாகச் செல்கின்றது. முன்பு வெளிநாட்டுப் பிள்ளைக்கு விசா கிடைக்கும்வரை பூதவுடலைப் பாதுகாத்துக் காத்திருந்தனர். இப்போது நேரலை இருக்கின்றது என்று காத்திருக்காமலும் விடுகின்றனர். 2020 இன் கொள்ளைநோய்க் காலம் இதனை வழக்கமாக்கிற்று. அகதி விண்ணப்பம் முடிவாகாதவனுக்கு, தகப்பனின் முகத்தை இறுதியாகக் காண இதுவன்றி வேறு வழியில்லை. அவனை நோக்கித் தொழில்நுட்பம் மனித உறவைக் கெடுத்தது என்று கூறுவது கொடுமை. கெடுத்தது எல்லைக் காவலும் குடிவரவுச் சட்டமும். இதே வேளை ஊரில் ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கரவண்டி இன்றும் ஒழுங்கைகளில் அறிவித்துச் செல்கின்றது. பத்திரிகையில் கால் பக்கமும் இணையத்தில் வண்ணப்படமும் வாங்க இயலாத வீடுகளுக்கு அதுவே போதுமானது, மலிவானது.

இணையத்தைப் பற்றரியைப் போல எளிதில் தடுக்க முடியாது என்று கருதியவர்கள் உண்டு. 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் அரசு சமூக ஊடகங்களை முடக்கிக் காட்டியது. 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கம்பி வெளிநாட்டு மூலதனத்தினுடையது, ஆளி அரசினுடையது என்ற நிலையில், செய்தி நம்முடையது என்று சொல்வதில் எவ்வளவு பொருள் உண்டு என்பதை வாசகர் சிந்திக்கலாம். 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் போன்ற தன்னார்வ முயற்சி இங்கு தனித்து நிற்கின்றது. எரிந்த நூலகத்தின் நினைவோடு இயங்கும் அத்திட்டம், நூல்களோடு பழைய பத்திரிகைகளையும் நினைவு மலர்களையும் சேர்த்து எண்ணிமப்படுத்திக் கட்டணமின்றி வழங்குகின்றது. இறந்தோர் வீட்டு அலுமாரியில் கறையான் அரித்துக்கொண்டிருந்த கல்வெட்டுகள் சமூக வரலாற்று மூலங்களாகும் வாய்ப்பு இதனால் உண்டாகியுள்ளது. கூலியுழைப்பாளர் குடும்பங்களின் கல்வெட்டுகள் அங்கு எத்தனை சேர்கின்றன என்பதைப் பொறுத்தே அவ்வரலாறு யாருடைய வரலாறாகும் என்பது அமையும்.

எந்தச் சாதனத்தாலும் அறிவிக்கப்படாத ஒரு தொகுதியினர் எஞ்சியுள்ளனர். கைதாகியும் சரணடைந்தும் திரும்பாதோர், 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் கடைசியாகக் காணப்பட்டோர் ஆகியோருடைய குடும்பங்கள், 2017 பெப்ரவரி முதல் வீதியோரங்களில் தொடர் போராட்டம் நடத்தினர். காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016 இல் நிறைவேறியது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணப்படாமைச் சான்றிதழ் வழங்கவும் அவ்வாண்டில் சட்டம் வழிசெய்தது. தாய்மார் பலர் எந்தச் சான்றிதழும் வேண்டாமென மறுத்தனர். மரண அறிவித்தலின் வாய்பாட்டில் இறந்த நாளுக்கு ஓர் இடமும் மயானத்துக்கு ஓர் இடமும் உண்டு. அவ்விரண்டையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இன்னும் சொல்லவில்லை. அத்தாய்மார் கையில் ஏந்தியிருப்பது, பெரும்பாலும் பாடசாலைக் காலத்திலோ அடையாள அட்டைக்காகவோ எடுத்து, பின்னர்ப் பெரிதாக்கி பிளாஸ்ரிக் உறையிட்ட ஒரு புகைப்படம். அதன் கீழே பெயரும் பிறந்த ஆண்டும் எழுதப்பட்டிருக்கும்.